வீட்டு வைஃபையை நீங்களே சோதிக்க ஏஐயைத் துணைக்கு வைத்துக்கொள்வது எப்படி?

2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் குண்டுகள் வெடிப்பதற்குச் சில நிமிடங்கள் முன்பு ஊடகங்களுக்கு ஒரு மிரட்டல் மின்னஞ்சல் போனது. அது புறப்பட்ட இடத்தைத் தேடிப் போன காவல்துறை, நவி மும்பையில் ஓர் அமெரிக்கர் குடியிருந்த வீட்டின் இணைய இணைப்பில் போய் நின்றது. அவருடைய வைஃபையை வெளியாள் பயன்படுத்தியதாகப் பிறகு தெரியவந்தது. அதற்குள் அவர் நாள்கணக்கில் விசாரணையைச் சந்திக்க வேண்டியிருந்தது.

இன்றைக்கு ஃபைபர் இணைப்பு சிற்றூர் வரை வந்துவிட்டது. இணைப்பு கொடுக்க வந்தவர் வைத்துவிட்டுப் போன கடவுச்சொல்லும் அமைப்புகளும்தான் பெரும்பாலான வீடுகளில் அப்படியே இருக்கின்றன. ரவுட்டர் பக்கத்தைத் திறந்து பார்க்கலாம் என்று நினைப்பவர்கூட அங்கே இருக்கும் சுருக்கெழுத்துகளைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார். இந்த இடத்தில்தான் சாட்ஜிபிடி, ஜெமினி, கிளாட் போன்ற மொழி மாதிரிகள் நிஜமாகவே கைகொடுக்கின்றன. திரையில் இருப்பதைக் கொடுத்தால் தமிழிலேயே விளக்கிச் சொல்லும். ஆனால் உங்கள் வீட்டுக் காற்றில் என்ன ஓடுகிறது என்று அதற்குத் தெரியாது. நீங்கள் பார்த்துக் கொடுத்ததை மட்டும்தான் அதனால் வாசிக்க முடியும். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் கீழே சொல்வது எல்லாம் எளிதாகப் புரியும்.

முதலில் அனுமதி

சோதிக்கப்போவது உங்கள் வைஃபையாக இருக்க வேண்டும், அல்லது உரிமையாளர் எழுத்தில் அனுமதி தந்ததாக இருக்க வேண்டும். இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 43ஆம் பிரிவுப்படி அனுமதியின்றி அடுத்தவர் கணினியிலோ வலையமைப்பிலோ நுழைந்தால் இழப்பீடு கட்ட நேரிடும்; அதையே நேர்மையற்ற அல்லது மோசடி நோக்கத்தோடு செய்தால் 66ஆம் பிரிவுப்படி 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே உண்டு. இலங்கையில் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம் இருக்கிறது. 'சும்மா பார்த்தேன்' என்பது எந்த ஊரிலும் பதிலாகாது.

சொந்த வீடு என்றால் வீட்டில் உள்ளவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். நண்பரின் கடை, டியூஷன் சென்டர், கிளினிக் என்றால் அனுமதிக் கடிதம் வாங்குங்கள். அதை எழுத ஏஐயையே கேட்கலாம். எந்தப் பெயருள்ள வைஃபை, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எதெல்லாம் செய்யலாம், எதெல்லாம் செய்யக்கூடாது, நடுவில் இணைப்பு அறுந்தால் யாரைக் கூப்பிடுவது என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். இணைய நிறுவனம் கொடுத்த ரவுட்டர் என்றால், உங்களுக்குத் திறந்துவிட்டிருக்கும் அமைப்புகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு அப்பால் இருக்கும் நிறுவனத்தின் சர்வர்கள் உங்கள் எல்லைக்குள் வராது.

ஏஐயிடம் எதைக் கொடுக்கக்கூடாது

இது பலருக்கும் தோன்றாத விஷயம். கடவுச்சொல்லைக் கொடுக்கக்கூடாது என்று எல்லாருக்கும் தெரியும். பிஎஸ்எஸ்ஐடியையும் மறைக்க வேண்டும் என்பது தெரியாது. ரவுட்டரின் ரேடியோ ஒவ்வொன்றுக்கும் இருக்கும் தனி முகவரிதான் பிஎஸ்எஸ்ஐடி. எந்த முகவரி எந்தத் தெருவில் ஒலிக்கிறது என்று தொகுத்து வைத்திருக்கும் பெரிய தரவுத்தளங்கள் உண்டு. 2001இல் தொடங்கிய வைகிள் என்ற தளம் அவற்றில் பொதுவில் இருப்பது. அதனால் முழு பிஎஸ்எஸ்ஐடியை ஒட்டினால், உங்கள் வீட்டு முகவரியைச் சொன்ன மாதிரிதான்.

கணினி காட்டும் வைஃபைப் பட்டியலை, அதாவது ஸ்கேன் வெளியீட்டை, ஒரு டெக்ஸ்ட் எடிட்டரில் ஒட்டி, முகவரியின் முதல் மூன்று ஜோடி எழுத்துகளை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தைப் புள்ளிகளாக மாற்றுங்கள். முதல் பாதி தயாரித்த நிறுவனத்தைக் குறிப்பது, அது சோதனைக்கு உதவும். உங்கள் வைஃபைப் பெயரை 'வீடு-1', 'வீடு-2' என்றும், அக்கம்பக்கத்து வைஃபைப் பெயர்களை 'பக்கம்-1', 'பக்கம்-2' என்றும் மாற்றிவிடுங்கள். ரவுட்டரின் பேக்கப் கோப்பை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் பதிவேற்றாதீர்கள். அதற்குள் உங்கள் இணைய இணைப்பின் பயனர்பெயர், கடவுச்சொல் எல்லாமே இருக்கும்.

எதையும் வெளியே அனுப்ப மனமில்லை என்றால் ஓலாமா போன்ற மென்பொருளை நிறுவி மாதிரியை உங்கள் கணினியிலேயே ஓடவிடலாம். 16 ஜிபி நினைவகம் உள்ள லேப்டாப்பில் 800 கோடி அளவுருக்கள் கொண்ட சிறிய மாதிரி ஓடும். தமிழில் கொஞ்சம் தடுமாறும், தவறும் கூடுதலாகச் செய்யும். ஆனால் ஸ்கேன் வெளியீட்டைப் படித்துச் சொல்லும் அளவுக்குப் போதும். அடுத்தவர் அலுவலகத்தைச் சோதிக்கும்போது நான் இதைத்தான் பரிந்துரைப்பேன்.

தகவல் திரட்டுவது

தொடக்கத்துக்குக் காளி லினக்ஸ் என்ற பாதுகாப்புச் சோதனை இயங்குதளமும் தனி ஆன்டெனாவும் தேவையில்லை. வீட்டு வைஃபைகளில் இருக்கும் பெரும்பாலான ஓட்டைகள் மூன்று இடங்களைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஒன்று, சுற்றியிருக்கும் வைஃபைகளின் பட்டியல். ஆண்ட்ராய்டு போனில் இலவச வைஃபை அனலைசர் செயலிகள் இருக்கின்றன. விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஒரே ஒரு கட்டளையில் பட்டியல் வந்துவிடும். அந்தக் கட்டளையை ஏஐயிடமே கேளுங்கள்: 'சுற்றியுள்ள வைஃபைகளின் பெயர், பிஎஸ்எஸ்ஐடி, சேனல், பாதுகாப்பு வகை நான்கையும் காட்டும் கட்டளை என்ன? ஒவ்வொரு சொல்லும் என்ன செய்கிறது என்றும் சொல்.' சேனல் என்பது வைஃபை ஒலிக்கும் அலைத்தடத்தின் எண். விளக்கம் புரிந்த பிறகே என்டர் தட்டுங்கள். விண்டோஸ் 11இன் புதிய பதிப்புகளில் லொகேஷன் அனுமதி ஆன் ஆகியிருந்தால்தான் பட்டியல் வரும்.

இரண்டு, ரவுட்டரின் நிர்வாகப் பக்கம். 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று பிரவுசரில் தட்டினால் பெரும்பாலும் திறக்கும். வயர்லெஸ் பாதுகாப்பு, டபிள்யூபிஎஸ் (கடவுச்சொல்லுக்குப் பதில் பொத்தானோ பின் எண்ணோ கொண்டு இணைக்கும் வசதி), வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதி, ஃபர்ம்வேர் எனப்படும் ரவுட்டரின் உள் மென்பொருளின் பதிப்பு ஆகிய நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்று, இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியல். அதுவும் ரவுட்டர் பக்கத்திலேயே கிடைக்கும்.

கேட்கும் விதம்

'என் வைஃபை பாதுகாப்பாக இருக்கிறதா?' என்று கேட்டால் எந்த ஏஐயும் பத்துப் பொது அறிவுரைகளைக் கொட்டிவிட்டுப் போகும். அவற்றில் பாதி உங்கள் வீட்டுக்குப் பொருந்தாது. கிட்டத்தட்ட இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

'நான் என் சொந்த வைஃபையை மட்டும் சோதிக்கிறேன். கீழே ஸ்கேன் வெளியீடு இருக்கிறது. "வீடு" என்று தொடங்குபவை என்னுடையவை. "பக்கம்" என்று தொடங்குபவற்றைச் சேனல் நெரிசல் பார்க்க மட்டும் எடுத்துக்கொள், அவற்றின் பாதுகாப்பைப் பற்றி எதுவும் சொல்ல வேண்டாம். ஒவ்வொரு குறையையும் எந்த வரியைப் பார்த்துச் சொல்கிறாய் என்று வரி எண்ணோடு காட்டு. வெளியீட்டில் இல்லாததை ஊகிக்காதே, தெரிய வேண்டியது இருந்தால் கேள்வியாகக் கேள்.'

வரி எண் கேட்பதுதான் இதில் உயிர்நாடி. ஆதாரம் காட்டச் சொல்லிவிட்டால் கற்பனை வெகுவாகக் குறைகிறது. மிஞ்சும் கற்பனையையும் நீங்கள் அந்த வரியைப் பார்த்தவுடன் பிடித்துவிடலாம்.

வரக்கூடிய பதில் ஒன்றைப் பார்ப்போம். 'வரி 4: வீடு-1, 2.4 கிகாஹெர்ட்ஸ், டபிள்யூபிஏ மற்றும் டபிள்யூபிஏ2 கலப்பு, டிகேஐபி. இதை மாற்ற வேண்டும்.' இங்கே நிற்காமல் ஏன் என்று கேளுங்கள். டபிள்யூஈபி, டபிள்யூபிஏ, டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 என்பவை வைஃபைக்கு அடுத்தடுத்து வந்த பாதுகாப்பு முறைகள். முதலில் வந்த டபிள்யூஈபியின் அடித்தளத்தை 2001இல் ஃப்ளூரர், மான்டின், ஷமிர் மூவரின் ஆய்வுக் கட்டுரை உடைத்துவிட்டது. பழைய கருவிகளைத் தூக்கிப் போடாமல் சமாளிக்க 2003இல் டபிள்யூபிஏவோடு அவசரத்துக்குக் கொண்டுவந்த குறியாக்க முறைதான் டிகேஐபி. அடுத்த ஆண்டே ஏஇஎஸ் குறியாக்கத்தோடு டபிள்யூபிஏ2 வந்தது. டிகேஐபியில் இணையும் கருவிக்கு வேகமும் 54 மெகாபிட்டைத் தாண்டாது. ஏஇஎஸ் மட்டும் என்று மாற்றினால் பாதுகாப்போடு வேகமும் சரியாகிவிடும். 'நெட் ஸ்லோ' என்று புலம்பும் சில வீடுகளில் காரணம் இந்த ஒரு வரிதான்.

ஏஐ வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்

ஒரே பெயரில் இரண்டு பிஎஸ்எஸ்ஐடி இருப்பதைப் பார்த்ததும் 'யாரோ உங்கள் வைஃபையைப் போலி செய்கிறார்கள்' என்று சில மாதிரிகள் எச்சரிக்கை மணி அடிக்கும். பதற வேண்டாம். இரட்டை அலைவரிசை ரவுட்டர் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டிலும் ஒலிக்கும்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவரி இருக்கும். ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் உள்ள முகவரிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள், பொருந்தினால் சரி. உங்கள் பெயரிலேயே கடவுச்சொல் இல்லாத இன்னொரு வைஃபை தெரிந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

கருவிப் பட்டியலிலும் இதே கதைதான். 'தயாரிப்பாளர் அறியப்படாத கருவி 3, ஊடுருவலாக இருக்கலாம்' என்று சொல்லும். அந்தக் கருவியின் மேக் முகவரியை, அதாவது வலையமைப்பில் அதை அடையாளம் காட்டும் முகவரியை, எடுத்து அதன் இரண்டாவது எழுத்தைப் பாருங்கள். 2, 6, ஏ, ஈ இந்த நான்கில் ஒன்றாக இருந்தால் அது தற்காலிகமாக உண்டாக்கிய முகவரி. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 தொடங்கி போன்கள் இப்படித்தான் தங்கள் நிஜ முகவரியை மறைத்துக்கொண்டு இணைகின்றன. வீட்டில் உள்ள ஒவ்வொரு போனிலும் வைஃபையை ஒருமுறை அணைத்துப் பார்த்தால் எது யாருடையது என்று தெரிந்துவிடும். அப்படியும் கணக்கில் வராதது ஒன்று மிஞ்சினால் கடவுச்சொல்லை மாற்றுங்கள்.

வைஃபைப் பெயரை மறைத்து வையுங்கள், மேக் முகவரி வடிகட்டி போடுங்கள் என்ற இரண்டு அறிவுரைகளும் தவறாமல் வரும். இணையத்தில் இருபது வருடமாகச் சுற்றிக்கொண்டிருப்பதால் மாதிரிகளும் அதையே திருப்பிச் சொல்கின்றன. பெயரை மறைத்தாலும் கருவி இணையும் நேரத்தில் அது காற்றில் வெளிப்படையாகப் போகும். மேக் முகவரியும் குறியாக்கம் இல்லாமல்தான் போகிறது, அதைப் பார்த்து நகலெடுப்பது சிரமமே இல்லை. இவற்றுக்குச் செலவழிக்கும் நேரத்தைக் கடவுச்சொல்லுக்குச் செலவழியுங்கள் என்பதே என் கருத்து.

'டபிள்யூபிஏ2/டபிள்யூபிஏ3' என்று இருந்தால் 'டபிள்யூபிஏ3 இருக்கிறது, கவலை இல்லை' என்று சொல்லிவிடும். அதுவும் பாதி உண்மைதான். அந்தக் கலப்பு முறையில் பழைய கருவிகள் டபிள்யூபிஏ2 வழியாகவே, அதே கடவுச்சொல்லோடு இணைகின்றன. ஆகவே பலவீனமான கடவுச்சொல் அங்கேயும் பலவீனம்தான். எல்லாக் கருவிகளும் புதியவை என்றால் டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்துப் பாருங்கள்.

கடைசியாக, பாதிப்பு எண்கள், அதாவது கண்டறியப்பட்ட பாதுகாப்பு ஓட்டைகளுக்குக் கொடுக்கும் அடையாள எண்கள். உங்கள் ரவுட்டர் மாடலைச் சொன்னதும் சிவிஈ என்று தொடங்கும் எண்களோடு ஒரு பட்டியலைத் தரும். நிஜமான எண்ணும் இருக்கும், வேறு மாடலுக்கு உரியதும் இருக்கும், இல்லவே இல்லாததும் இருக்கும். ஒவ்வொன்றையும் அமெரிக்காவின் தேசியப் பாதிப்புத் தரவுத்தளத்திலோ தயாரிப்பாளர் தளத்திலோ தேடிப் பாருங்கள். தேடிக் கிடைக்காததை அறிக்கையில் எழுதவே கூடாது.

டபிள்யூபிஎஸ்

இதைப் பற்றி இரண்டு வரி போதும். 8 இலக்கப் பின் எண்ணில் கடைசி இலக்கம் வெறும் சரிபார்ப்பு எண். ரவுட்டர் மிச்சத்தை 4 இலக்கம், 3 இலக்கம் என்று இரண்டு துண்டாகச் சரிபார்க்கும். அதனால் அதிகபட்சம் 11,000 முயற்சிகளில் பின் எண் கிடைத்துவிடும் என்று 2011 டிசம்பரில் ஸ்டெஃபான் ஃபீபெக் காட்டினார். பின்னால் வந்த ரவுட்டர்கள் தவறான முயற்சிகளுக்குத் தடை போட்டாலும், ஒரு வீட்டில் இது தேவைப்படும் சந்தர்ப்பம் அரிது. அணைத்துவிடுங்கள்.

கடவுச்சொல் கணக்கு

வீட்டு வைஃபைச் சோதனையில் பெரிய பலன் இங்கேதான் கிடைக்கும். டபிள்யூபிஏ2இல் ஒரு கருவி இணையும்போது கடவுச்சொல் சரியா என்று பார்க்க ரவுட்டரோடு நடக்கும் செய்திப் பரிமாற்றத்தை, அதாவது கைகுலுக்கலை, அருகில் இருப்பவர் பதிவு செய்ய முடியும். பிறகு உங்கள் ரவுட்டர் பக்கமே வராமல் வீட்டில் உட்கார்ந்து ஊகங்களை ஒவ்வொன்றாக அதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒவ்வொரு ஊகத்துக்கும் 4,096 சுற்றுக் கணக்கு போட வேண்டும் என்பது ஒரு தடைதான். ஆனாலும் இன்றைய உயர்ரக கிராபிக்ஸ் கார்டு ஒன்று நொடிக்கு 20 லட்சம் ஊகங்களைத் தாண்டிவிடுகிறது.

நிஜக் கடவுச்சொல்லைச் சொல்லாமல் அதன் அமைப்பை மட்டும் ஏஐயிடம் சொல்லிக் கணக்குக் கேளுங்கள். 'என் கடவுச்சொல் ஓர் இந்திய மொபைல் எண். நொடிக்கு 20 லட்சம் ஊகம் என்றால் எவ்வளவு நேரம்? படிப்படியாகக் காட்டு.' இந்திய மொபைல் எண்கள் 6, 7, 8, 9 இந்த நான்கில் ஒன்றில் தொடங்குபவை. அடுத்து ஒன்பது இலக்கங்கள். மொத்தம் 400 கோடி. 20 லட்சத்தால் வகுத்தால் 2,000 நொடி. அதாவது அரை மணி நேரத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். பிறந்த தேதியை எட்டு இலக்கமாக வைத்திருந்தால் எல்லா எட்டு இலக்க எண்களையும் சேர்த்தே 50 நொடிதான். அதே வேகத்தில், குருட்டாம்போக்கில் தேர்ந்தெடுத்த 12 சிறிய ஆங்கில எழுத்துகளுக்கு ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஆகும். படிகளைக் காட்டச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மொழி மாதிரிகள் பெரிய எண்களில் சுழியங்களை விட்டுவிடுவது உண்டு, நீங்களும் கால்குலேட்டரில் ஒருமுறை தட்டிப் பாருங்கள்.

வீட்டில் உள்ளவர்களிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். 'பாஸ்வேர்டை மாத்தணும்' என்று நூறு முறை சொல்வதைவிட 'நம்ம பாஸ்வேர்டு அரை மணி நேரத்துல போயிடும்' என்பது சட்டென்று வேலை செய்கிறது. புதியதை ஏஐயிடம் கேட்டு வாங்காதீர்கள். மொழி மாதிரிகள் தரும் கடவுச்சொற்கள் பார்வைக்குச் சிக்கலாக இருந்தாலும் ஒரே சாயலில் திரும்பத் திரும்ப வரும். பாஸ்வேர்டு மேனேஜரை உருவாக்கச் சொல்லுங்கள்.

ஏஐயே கட்டளைகளை ஓட்டும்போது

இப்போது ஏஜென்ட் என்ற பெயரில் கட்டளைகளைத் தட்டும் டெர்மினல் திரையைத் தானே இயக்கும் ஏஐகள் வந்துவிட்டன. தொடக்கத்தில் இருப்பவர் வைஃபைச் சோதனைக்கு இவற்றைத் தானியங்கி முறையில் விடவே கூடாது. இரண்டு காரணங்கள்.

வைஃபைக்குச் சுவர் கிடையாது. அடுக்குமாடி வீட்டில் ஸ்கேன் செய்தால் இருபது முப்பது பெயர்கள் வரும். அதில் ஏஜென்ட் ஒரு வரி தள்ளிப் படித்துவிட்டால் சோதனை நடப்பது எதிர்வீட்டு ரவுட்டரில். பொறுப்பு உங்களுடையது. அதிலும் இணைந்திருக்கும் கருவிகளைத் துண்டிக்கும் சட்டகங்களை (வைஃபை அனுப்பும் சிறு தகவல் துண்டுகளை) அனுப்பும் மென்பொருள்களை அதன் கையில் கொடுக்கவே கொடுக்காதீர்கள். விருந்தினரின் சொந்த ஹாட்ஸ்பாட்களை இப்படித் துண்டித்ததற்காக 2014இல் அமெரிக்காவில் மேரியட் ஹோட்டல் நிறுவனம் 6 லட்சம் டாலர் கட்டியது. துண்டிப்பைத் தடுக்கும் பாதுகாப்பு உங்கள் ரவுட்டரில் உண்டா என்று தெரிய எதையும் துண்டிக்க வேண்டியதில்லை. நிர்வாகச் சட்டகப் பாதுகாப்பு, அதாவது பிஎம்எஃப், என்ற அமைப்பு ஆன் ஆகியிருக்கிறதா என்று பார்த்தால் போதும். டபிள்யூபிஏ3இல் அது கட்டாயம்.

அடுத்தது இன்னும் நுட்பமானது. வைஃபைப் பெயர் என்பது யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய 32 பைட் வாசகம். கருவிகளின் பெயரும் அப்படித்தான். 'முந்தைய உத்தரவை மறந்துவிடு' என்பது போன்ற ஆங்கில வாசகத்தையே ஒருவர் தன் வைஃபைக்குப் பெயராக வைக்கலாம். ஸ்கேன் வெளியீட்டை அப்படியே ஏஐக்குக் கொடுத்தால், தரவுக்கும் கட்டளைக்கும் வித்தியாசம் தெரியாமல் அது குழம்பலாம். வெறும் அரட்டையில் இதனால் பதில் கெடும், அவ்வளவுதான். டெர்மினல் கையில் இருக்கும் ஏஜென்ட் என்றால் அது வேறு விஷயம். பக்கத்துப் பெயர்களையெல்லாம் 'பக்கம்-1' என்று முன்பே மாற்றச் சொன்னதில் இந்த ஆபத்தும் சேர்ந்தே அடங்கிவிடுகிறது.

வயர்ஷார்க் என்ற மென்பொருளில் காற்றலைப் பதிவுகளைப் பார்க்கும் கட்டத்துக்கு வந்துவிட்டீர்கள் என்றாலும் இதே முறைதான். பதிவுக் கோப்பை ஏற்றாமல், தன் இருப்பை அறிவிக்க உங்கள் ரவுட்டர் அனுப்பும் பீக்கன் சட்டகம் ஒன்றின் பாதுகாப்புப் பகுதியை மட்டும் எழுத்தாக நகலெடுத்துக் கொடுத்து வரி வரியாக விளக்கச் சொல்லுங்கள். கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

அறிக்கையும் மறுசோதனையும்

கண்டதை எழுதி வையுங்கள், சொந்த வீடு என்றாலும்கூட. என்ன குறை, எதைப் பார்த்துத் தெரிந்தது, யாருக்கு என்ன பாதிப்பு, எப்படிச் சரிசெய்வது என்ற வரிசை போதும். கடைக்காரருக்கான அறிக்கை என்றால், உங்கள் குறிப்புகளை ஏஐயிடம் கொடுத்து 'தொழில்நுட்பம் தெரியாத கடை உரிமையாளருக்கு ஒரு பக்கத்தில் எழுது, குறிப்பில் இல்லாததைச் சேர்க்காதே' என்று சொல்லுங்கள். வந்ததைப் படித்து, ஆபத்தைப் பெரிதாக்கும் சொற்களை வெட்டிவிடுங்கள். மாதிரிகளுக்கு எல்லாமே 'மிகக் கடுமையான அச்சுறுத்தல்'தான்.

கடவுச்சொல்லை மாற்றும் நாளில் சிசிடிவி, பிரிண்டர், ஸ்மார்ட் டிவி, கடையில் க்யூஆர் பணம் வந்ததைச் சொல்லும் பெட்டி எல்லாம் ஒரே நேரத்தில் அறுந்துபோகும். முன்பே பட்டியல் போட்டு, வியாபாரம் இல்லாத நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள். டபிள்யூபிஏ3 தெரியாத பழைய கருவிகளைக் கெஸ்ட் நெட்வொர்க்குக்கு மாற்றிவிடலாம். அப்புறம் முதலில் எடுத்த ஸ்கேனை மறுபடி எடுத்து, பழையதையும் புதியதையும் ஏஐயிடம் கொடுத்து எந்தெந்த வரி மாறியிருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். மாற்றினோம் என்று நினைத்து 'சேவ்' அழுத்தாமல் விட்ட அமைப்பு அதில் மாட்டிக்கொள்ளும்.

அறிக்கையை ஒப்படைத்ததும் ஸ்கேன் கோப்புகள், ஸ்கிரீன்ஷாட்கள், ஏஐ அரட்டை வரலாறு மூன்றையும் அழித்துவிட்டு, அழித்த தேதியை அனுமதிக் கடிதத்தின் அடியில் குறித்து உரிமையாளரிடம் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள்.